வடக்குச் சுவரில் வெற்றிலை

மாடம்பாக்கம்
12 டிசம்பர் 2024

சாலமனுக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும். போனில் பேசினால் இரண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பிக்கிறோம், யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். சொந்தத் தம்பியோடு மட்டும் எனக்கு லைன் நிற்க மாட்டேன் என்கிறது. கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் மறுநாள் எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உன் சுவர்.

அப்பா பிரித்துக் கொடுத்த மனையில் உன் பாதியில் நீ மூன்று மாடி கட்டி ஐந்து வருடமாகிறது. முகப்புக்கு மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் அடித்திருக்கிறாய். ரோட்டில் போகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். நான் ரோட்டில் போகிறவள் இல்லை. எனக்குத் தெரிவது வடக்குப் பக்கம். அங்கே பெயின்ட் இல்லை, சன்னல் இல்லை. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும், தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் வெறும் சிமென்ட்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரை இது அவ்வளவாக உறைக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் முடிந்து, சர்ச் பள்ளி ஆபீஸில் உட்கார்ந்திருந்ததும் இந்த மே மாதத்தோடு முடிந்தது. இப்போது அடுக்களை சன்னலைத் திறந்தால் சுவர். டீ போட்டால் சுவர். தாளித்துக்கொண்டே நிமிர்ந்தால் அதே சுவர். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது சாலமன், அலுப்பு மட்டும் இருக்கிறது.

இந்த மழையில் பாசியும் பிடித்துவிட்டது. மழை விட்டுச் சுவர் காயும்போது ஆறு கட்டங்கள் மட்டும் காயாமல் கறுப்பாக நிற்கின்றன. கீழே இரண்டு, நடுமாடியில் இரண்டு, மேலே இரண்டு. அவை என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தெம்பில்லை.

நான் கேட்பது இதுதான். உன் சுவருக்கும் நமக்கு நடுவில் இருக்கும் குட்டைக் காம்பவுண்டுக்கும் இடையே உன் பக்கம் மூன்றடிச் சந்து கிடக்கிறது. உடைந்த டைல்ஸும் உன் குடித்தனக்காரர்கள் போட்ட பழைய மெத்தையும்தான் அதில் இருக்கின்றன. அதைச் சுத்தம் செய்து, நிழலில் வளரக்கூடிய செடி கொடி எதையாவது வைத்து அந்தச் சுவரின் மூஞ்சியைக் கொஞ்சம் மறைத்துக்கொள்கிறேன். செலவும் உழைப்பும் என்னுடையது. இடம் உன்னுடையது, அதனால் கேட்கிறேன்.

ஞானஜோதி

---

விசாகப்பட்டினம்
23 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கியது உன் தம்பி பெண்டாட்டி ஷீலா. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எனக்குக் கப்பல் கட்டும் யார்டுக்குப் போன் செய்துவிட்டாள். இனிமேல் எழுதினால் கவரின் மேலேயே எல்லாரும் நலம் என்று எழுதிவிடு.

சந்தில் செடி வேண்டாம். வேர் அஸ்திவாரத்துக்குள் போகும். கொடி சுவரைப் பிடித்தால் பூச்சு உதிரும், உள்ளே ஈரம் இறங்கும். அடர்த்தியாக வளர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். ஏரிப் பக்கத்து ஊர், நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிறகு குடித்தனக்காரர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள்.

நீ கேட்டது சுவர், கிடைத்தது சுவர். அன்றைக்கு என்ன சொன்னாய்? “உன் வீட்டுக்கு வாடகைக்கு வர்றவனெல்லாம் என் அடுக்களையை எட்டிப் பாக்கணுமா? நான் ஒத்தையில இருக்கிறவ.” அப்போது நான் கப்பலின் வயிற்றுக்குள் நின்று வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பையன்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாய். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ஆறு சன்னலையும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். இனி யார் உன்னை எட்டிப் பார்க்கப் போகிறார்கள்.

பெயின்ட் வேண்டுமானால் என்ன கலர் என்று சொல். ஆள் அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஷீலாவுக்கு முழங்கால் வலி, குளிரில் அதிகமாகியிருக்கிறது.

சாலமன்

---

மாடம்பாக்கம்
6 ஜனவரி 2025

சாலமனுக்கு,

கவரின் மேல் எழுதிவிட்டேன். தபால் ஆபீஸ் பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

பெயின்ட் வேண்டாம். அவ்வளவு பெரிய சுவரில் எந்தக் கலர் அடித்தாலும் அது அந்தக் கலரில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

நீ எழுதியதில் பாதி சரி. அன்றைக்கு நான் கத்தியது உண்மை. கத்திவிட்டு, கீழ் இரண்டை மட்டும் கொஞ்சம் உயரத்தில் வை என்று சொல்ல வந்தேன். நீ போனை வைத்துவிட்டாய். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவன் அந்த ஒன்றை மட்டும் எதற்காக அப்படியே கேட்டாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, சந்து உன்னுடையது. என் முற்றம் என்னுடையது. என் பக்கத்துக் காம்பவுண்டை ஒட்டித் தொட்டி வைக்கலாம் என்று படப்பை ரோட்டு நர்சரிக்குப் போனேன். சுப்பராயலு என்று ஒருவர் நடத்துகிறார். நிழலான இடம் என்று முதலிலேயே சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது மேடம், இத்த வச்சுப் பாருங்க, சொவுரே தெரியாத மூடிக்கும்” என்று நான்கு காகிதப்பூச் செடியை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வந்த நாளில் பூத்திருந்த பூவோடு சரி. இப்போது இலையும் உதிர்ந்து, வெயிலைத் தேடி ஒல்லி ஒல்லியாக வானத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெயில் கேட்கும் செடியை நிழலில் நட்டது என் தப்பு, அதை விற்றது அவர் சாமர்த்தியம்.

இன்னொன்று. உன் கீழ்வீட்டுக் கதிரேசன் குடும்பம் இந்த மாதத்தோடு காலி செய்கிறது. அந்த மெத்தையை எடுக்க வந்தபோது அவர் மனைவி தீபலட்சுமிதான் சொன்னாள். “நடு ரூம்ல பகல்லயே லைட்டு போட்டுகினுதான் கீறோம் ஆன்ட்டி. கொயந்தைக்கு ராவா பகலான்னே தெர்ல, கண்ட நேரத்துல முயிச்சுகினு கீது. அவருக்கு ஒரகடத்துல நைட் சிப்ட்டு, பகல்ல தூங்குறதுக்கு அவருக்கு மட்டும் சவுரியம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது வரை நான் அந்தச் சுவருக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். அதற்கு உள்பக்கமும் ஒன்று உண்டு என்று யோசித்ததே இல்லை.

ஷீலாவுக்கு நல்லெண்ணெயைச் சூடு செய்து தேய்க்கச் சொல்.

ஞானஜோதி

---

விசாகப்பட்டினம்
20 ஜனவரி 2025

அக்காவுக்கு,

தீபலட்சுமி காலி செய்வது தெரியும். புது ஆள் வைக்கப் போவதில்லை. காரணத்தை எப்படியும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மே மாதம் எனக்கு ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் நினைத்தது, ஊருக்கு வந்து அந்தக் கீழ்வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று. ஷீலாவால் படி ஏற முடியாது, கீழ்வீடுதான் சரி. முப்பது வருடத்துக்கு மேல் தெலுங்கு பேசியாகிவிட்டது, சாகிற காலத்தில் தமிழ் கேட்கலாம் என்று ஓர் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு மிச்சமில்லை.

ஷீலா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. “அந்த இருட்டு ரூம்ல என்னைக் கொண்டு போய் உக்கார வைக்கப் போறீங்களா? நம்ம வீட்டு ஜன்னல்கூட உங்க அக்கா கண்ணுக்கு ஆகாது. நாம மட்டும் ஆவோமா?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் எழுது.

இங்கேயே மகள் ஸ்டெல்லா வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட்டை ஷீலா பார்த்து வைத்திருக்கிறாள். அதை வாங்க வேண்டுமென்றால் ஊரில் இருக்கும் வீட்டை விற்க வேண்டும். வருவதா, விற்பதா என்று நாங்கள் இருவரும் தினமும் ராத்திரி சாப்பாட்டில் பேசுகிறோம். பேசிப் பேசிக் களைத்துப்போய் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறோம்.

சந்தில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள். விற்றுவிட்டால் வாங்குகிறவன் எப்படியும் பிடுங்கத்தான் போகிறான்.

சாலமன்

---

மாடம்பாக்கம்
2 பிப்ரவரி 2025

சாலமனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஷீலா சொன்னதற்கு எனக்குக் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. கோபத்தைக் கட்டி வைத்துக்கொள்ளும் வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது.

வா என்று நான் சொல்லி, வந்த பிறகு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பழியும் எனக்குத்தான். வராதே என்று நான் சொல்லவே மாட்டேன். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. செடியைப் பற்றி எழுதுகிறேன்.

காகிதப்பூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுப்பராயலு வாங்கிக்கொண்டார், முகத்தைத்தான் தூக்கி வைத்துக்கொண்டார். இந்தத் தரம் நானே யோசித்துக்கொண்டு போனேன். ஒரு வாரம் அடுக்களை சன்னலில் நின்று பார்த்ததில், அந்தச் சந்தில் இருப்பது ஒரே நிழல் இல்லை என்று தெரிந்தது. வாசல் பக்கம் காலையில் ரோட்டு வெளிச்சம் சாய்வாக வருகிறது. அங்கே கனகாம்பரமும் நந்தியாவட்டையும் தாங்கும், பூக்கவும் பூக்கும். கொல்லைப் பக்கம் முழு இருட்டு, துணி துவைக்கிற தண்ணீரும் அங்கேதான் போகிறது. அங்கே பெரணி வைக்கலாம். அதற்கு முன்னால் மருள், பச்சையும் மஞ்சளுமாக விறைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். அது தண்ணீர் கேட்காது, வெளிச்சம் கேட்காது, யாரிடமும் எதுவும் கேட்காது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நடுவில் இருக்கிற பெரிய வெறுமைக்குத்தான் யோசனை. மணி பிளான்ட் வேண்டாம். மரத்திலோ சுவரிலோ ஏறிவிட்டால் இலை முறம் அளவுக்கு வந்துவிடும், அப்புறம் நம் பேச்சைக் கேட்காது. சுவரிலேயே ஒட்டிப் படரும் ஒரு குட்டி அத்தியைக் காட்டினார்கள். அது பூச்சைப் பெயர்க்கும், நீ சொன்ன மாதிரியே ஆகிவிடும். கடைசியில் வெற்றிலையும் மிளகும் என்று முடிவு செய்தேன். இரண்டும் நிழலில்தான் நிம்மதியாக இருக்கும். ஒன்றுதான், மே, ஜூனில் சூரியன் வடக்கே தள்ளி வரும்போது அந்தச் சுவருக்கும் கொஞ்ச நாள் வெயில் விழும். அப்போது மட்டும் எதையாவது கட்டி மறைக்க வேண்டும்.

வெற்றிலையா, போதகர் என்ன நினைப்பார் என்று ஷீலா கேட்பாள். போதகரின் அம்மா இப்போதே எனக்கும் நான்கு இலை என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுவரில் நேராக ஏற்ற எனக்கும் மனசில்லை. ஏதாவது வழி உண்டா? இது உன் தொழில்.

ஞானஜோதி

---

விசாகப்பட்டினம்
24 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். வெல்டரிடம் அப்படியே காட்டு. சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, துருப்பிடிக்காத ஜி.ஐ. கம்பி. அதைத் தாங்கக் கீழே ஊன்றிய இரும்புக் குழாய். சுவரில் எங்கேயும் துளை போடக் கூடாது. கம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நீளமாகப் போக வேண்டும், நடுவில் வெட்டினால் பலம் போய்விடும். இப்படிச் செய்தால் கொடி கம்பியில் இருக்கும், சுவருக்குக் காற்று போகும். ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். ஷீலா எட்டிப் பார்த்துவிட்டு, விற்கப்போகிற வீட்டுக்கு இவ்வளவு வேலையா என்று கேட்டாள்.

புரோக்கர் பக்தவச்சலம் ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்து காட்டினாராம். நீயும் பார்த்திருப்பாய். வீடு பிடித்திருக்கிறதாம். போனில் கேட்டார், “இன்னா சார், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட காணோம்? பார்ட்டி கேக்குறாரு, எதிர்ல சுடுகாடு எதுனா கீதான்னு.” எதிரே எங்கள் அக்கா வீடு என்றேன். ஓ என்றார். அந்த ஓ என் காதிலேயே இருக்கிறது.

நான் அவருக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லாமலும் அதிக நாள் இருக்க முடியாது. இங்கே ஃபிளாட்டுக்காரர் ஏப்ரல் வரைக்கும்தான் பொறுப்பேன் என்கிறார்.

வேறு ஏதாவது இருந்தால் எழுது.

சாலமன்

---

மாடம்பாக்கம்
16 மார்ச் 2025

சாலமனுக்கு,

கம்பி வேலை முடிந்தது. வெல்டர் உன் படத்தைப் பார்த்து, “யார் மேடம் இது, நல்லா வேலை தெரிஞ்ச ஆளா கீறாரு” என்றார். என் தம்பி என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

உன் படத்தில் ஒரு மாற்றம் செய்தேன். கீழ் வரிசையில் கம்பியை ஒரே நீளமாகப் போடாமல் இரண்டு இடத்தில் அறுத்து, அந்த இரண்டு இடத்துக்கும் ஓரத்தில் தனியாகக் குழாய் ஊன்றச் சொன்னேன். பலம் போகாது என்று வெல்டர் உறுதி சொன்னார். ஏன் மேடம் என்று கேட்டார், அவருக்குச் சொல்லவில்லை. நீ வரும்போது பார்த்துக்கொள்.

பெரணி மூன்று இடத்தில் பிடித்துவிட்டது. மருள் வைத்த இடத்தில் வைத்த மாதிரியே இருக்கிறது, வளர்கிறதா இல்லையா என்று அதுவும் சொல்ல மாட்டேன் என்கிறது. வெற்றிலைதான் படுத்துகிறது. காலையும் மாலையும் தண்ணீர், காய்ந்த சாணத் தூள், அடியில் வாழைச் சருகு என்று பிள்ளை வளர்க்கிற பாடு. மிளகு இரண்டில் ஒன்று போய்விட்டது. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் வாளியைப் போட்டுவிட்டுச் சந்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்காக இதெல்லாம் என்று தோன்றியது. பிறகு எழுந்து மிச்சத் தண்ணீரை ஊற்றினேன்.

வீடு பார்க்க வந்தவர்களைப் பார்த்தேன். சின்ன வயது. ஹரிபிரசாத் என்று பெயர் சொன்னார், பெருங்களத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி. மனைவிக்குத் தாகம் என்றாள், தண்ணீர் கொடுத்தேன். நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிந்தார்கள். நல்லவர்களாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஷீலாவின் முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லை.

ஞானஜோதி

---

மாடம்பாக்கம்
20 ஏப்ரல் 2025
ஈஸ்டர்

சாலமனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. விடியற்கால ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, சேலைகூட மாற்றாமல் எழுதுகிறேன். சர்ச்சில் உனக்காகவும் ஷீலாவுக்காகவும் ஜெபம் செய்தேன். செய்யும்போதே, ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்வதை உன்னிடம் சொல்ல எனக்கு எது தடுக்கிறது என்று தோன்றியது.

வெற்றிலை இப்போது என் தோள் உயரம் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அடுக்களையிலிருந்து பார்த்தேன். சுவர் இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணைக் குத்தவில்லை. கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறது, அறுத்த இடம் வந்ததும் ஓரத்துக் குழாயைச் சுற்றி மேலே போகிறது. நடுவில் இரண்டு கட்டம் வெறுமையாக நிற்கின்றன. ஒன்று உன் ஹாலுக்கு நேர், இன்னொன்று நடு ரூமுக்கு நேர். மழைக் காலத்தில் கறுப்பாக நின்றனவே, அவைதான். கம்பி போடுவதற்கு முன்னாலேயே அளந்து வைத்தேன்.

அந்த இரண்டு இடத்திலும் செங்கல்லை இடித்துச் சன்னல் வை. சின்னதாக இல்லை, முதலில் பிளானில் இருந்த அளவுக்கே வை. மேலே இருக்கிற நான்கையும் திற. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கட்டும். அறுபதைத் தாண்டிய கிழவி ரசம் வைப்பதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள்.

ஷீலாவிடம் சொல். அவள் நடு ரூமில் கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிடலாம், எனக்குக் கேட்கும். படி ஏற வேண்டாம், நடக்கவும் வேண்டாம். வெற்றிலை, காபிப் பொடி, சண்டை, எது வேண்டுமானாலும் சன்னல் வழியாகவே கொடுக்கலாம், வாங்கலாம்.

நீ வர வேண்டும் சாலமன். நான் தனியாக இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டேன். எனக்கு நீ பக்கத்தில் வேண்டும்.

அக்கா

---

விசாகப்பட்டினம்
26 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று, வெள்ளிக்கிழமை வந்தது. புதன்கிழமை அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பக்தவச்சலம் பார்ட்டியை அழைத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். அந்தப் பையனும் அவன் மனைவியும் ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். ஷீலாவின் அண்ணன் சவுரிமுத்து சாட்சி. நாங்களும் இங்கே ஃபிளாட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நேற்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் உனக்கு எழுதினேன், என்னிடம் பதில் இல்லை, இருந்தால் எழுது என்று. நீ பெரணியைப் பற்றி எழுதினாய். பிப்ரவரியில் வேறு ஏதாவது இருந்தால் எழுது என்றேன். நீ மருளைப் பற்றி எழுதினாய். உன் ஒவ்வொரு கடிதத்தையும் ஷீலா என் கையிலிருந்து வாங்கிப் படிப்பாள். சன்னல் என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறதா என்று தேடுவாள். இல்லை என்று மடித்து வைப்பாள்.

கம்பியை அறுத்தேன் என்று நீ எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை தெரிந்தவன் போட்டுக் கொடுத்த படத்தை வெட்டிவிட்டாள் என்று. அதனால்தான் பதில் போடவில்லை. கப்பலில் ஒரு தகட்டில் ஓட்டை விட்டிருந்தால், எதற்காக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன். என் வீட்டுச் சுவரில் எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டர் கடிதத்தை ஷீலாவுக்குப் படித்துக் காட்டினேன். சண்டையையும் சன்னல் வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு எழுந்து போய்க் குளியலறையில் ரொம்ப நேரம் இருந்தாள். வெளியே வந்து, “இதை அவங்க பிப்ரவரியிலேயே எழுதியிருக்கக் கூடாதா?” என்றாள். நானும்தான் வெளிப்படையாகக் கேட்டிருக்கலாம்.

ஜூனில் பத்திரப் பதிவுக்கு வருவேன்.

தம்பி

---

மாடம்பாக்கம்
10 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

கவரின் மேல் எல்லாரும் நலம் என்று இந்த முறையும் எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய அது உண்மைதான்.

பதிவுக்கு வந்தபோது அரை நாள் இருந்தாய். வஞ்சிர மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தரம் சோறு வாங்கினாய். சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் நின்று சுவரைப் பார்த்தாய், நானும் பார்த்தேன். வெயில் விழுகிறதே என்று என் பழைய சேலையை வெற்றிலைக்கு மேலே இழுத்துக் கட்டினாய். முடிச்சுப் போடுவதில் நீ எப்போதும் கெட்டிக்காரன். அந்த முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை, வெயில் போன பிறகும் சேலை அங்கேதான் தொங்குகிறது.

வீடு வாங்கியவர்கள் போன மாதம் பால் காய்ச்சினார்கள். கொடியைப் பிடுங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஸ்நேகா என்று பெயர். வந்த மறுவாரம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஆன்ட்டி, நீங்க தப்பா நினைக்கலேன்னா அந்தப் பக்கம் ரெண்டு விண்டோ ஓபன் பண்ணிக்கட்டுமா? டெலிவரிக்கு அப்புறம் பேபிக்குக் கொஞ்சம் காத்து வேணும்னு அம்மா சொல்றாங்க.” திறந்துகொள் அம்மா என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது சாலமன். ஐந்து வருடம் வராத வார்த்தை, யாரோ ஒரு பெண் கேட்டதும் வந்துவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

கொத்தனார் வந்து இடித்தார். ஒரு கொடியைக்கூட வெட்ட வேண்டி வரவில்லை. செங்கல் கழன்று சன்னல் அப்படியே வெற்றிலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. ஸ்நேகா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, “எப்படி ஆன்ட்டி, கரெக்டா இந்த ரெண்டு இடத்துல மட்டும் கொடியே இல்ல?” என்றாள்.

என் தம்பிக்காக விட்டு வைத்தது என்று சொன்னேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஷீலாவுக்கு வெற்றிலை அனுப்பலாம் என்று பார்த்தேன், போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும் என்கிறார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு தரம் வா. என் வீட்டில் தங்கலாம், இங்கே படி ஏதும் இல்லை. உன் ஹால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் அவர்கள் விளக்குப் போட்டதும் என் அடுக்களை சன்னலில் வந்து நின்றால் போதும், எல்லாம் தெரிகிறது. நான் தினமும் எட்டிப் பார்க்கிறேன்.

அக்கா